பயிர்ப் பூச்சிகளை அண்மையில் நின்று படம் பிடித்தல்

மக்காச்சோளம் பயிரிடும் குடியானவர்கள் 2018-ம் வருஷத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். அவ்வருஷத்தின் மத்தியில் கர்நாடகத்தின் சிவமொக்கா ஜில்லாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழுவானது, சில மாதங்களுக்குள் தமிழ்நாட்டு வயல்களிலும் புகுந்து, குருத்தைத் தின்று பெருநஷ்டம் விளைவித்தது. அச்சமயத்தில் நேர்ந்த சங்கடங்களுள் பெரியது, வந்திருக்கும் புழு யாதென்று நிச்சயிப்பதே ஆகும். குடியானவர்கள் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினார்கள். அவற்றுள் அநேகம், பச்சையும் பழுப்புமாய்க் கலங்கிய ஒரு தோற்றமேயன்றி வேறில்லை. புழு இருக்குமிடத்தைச் சிலர் சிவப்பு வட்டமிட்டுக் காட்டியிருந்தார்கள்; வட்டத்துக்குள் பார்த்தாலும் புழுவைக் காணோம். வயலுக்கு நேரில் சென்று பார்ப்பதற்குள் இரண்டு மூன்று நாட்கள் கழிந்துவிடும். இளம்புழுவாய் இருந்தபோது எளிதில் அடங்கியிருக்கக் கூடியது, அந்நாட்களில் குருத்தின் அடியில் இறங்கி, மருந்து எட்டாத இடத்தில் தங்கிவிடும்.

ஆகவே, ஒரு தெளிவான படத்தின் விலை இத்தனை மூட்டை தானியம் என்று சொல்லக்கூடிய காலம் வந்திருக்கிறது. முற்காலத்தில் இவ்வேலை சித்திரக்காரருடையதாக இருந்தது. சென்னை மாகாணத்தின் பூச்சியியல் நிபுணராயிருந்த பெயின்பிரிட்ஜ் பிளெட்சர், தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1914-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலும், டி. வி. இராமகிருஷ்ண ஐயர் 1940-ல் வெளியிட்ட கைந்நூலும், பூச்சிகளைப் படம் தந்து விளக்கியவை. அவ்வித நுட்பத்தை இன்று எந்தக் குடியானவரும் தம் சட்டைப்பையிலுள்ள கருவியால் அடையலாம். ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. கலப்பை வாங்கியவுடன் உழவு வந்துவிடுவதில்லை. இதுவும் கைப்பழக்கத்தினாலேயே வரவேண்டும். அப்பழக்கத்தைப் பெறும் வழியையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். சாதாரணக் கைப்பேசியின் பிரதான காமிரா, சுமார் 8 முதல் 10 சென்டிமீட்டருக்கு உட்பட்ட பொருளைத் தெளிவாகக் காட்டாது. அதற்கும் கிட்டப் போனால் படம் மங்கும். இக்குறையை நீக்க, கவ்வியுடன் கூடிய சிறு லென்ஸ் ஒன்றைக் காமிராவின்மேல் பொருத்தவேண்டும். சில நூறு ரூபாய்க்கு இது கிடைக்கிறது. நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் கையிலிருந்தால் அதையே காமிராவின்மேல் ஒட்டிப் பிடித்தாலும் வேலை நடக்கும். குறைந்த விலைக் கைப்பேசிகள் பலவற்றில், ‘மேக்ரோ’ என்ற பெயருடன் தனியாக ஒரு சிறு காமிரா இருக்கக் காண்கிறோம். இவற்றிற் பெரும்பாலானவை பெயருக்கே உள்ளவை. பிரதான காமிராவில் எடுத்துப் பின்னர் வேண்டிய பாகத்தை மாத்திரம் வெட்டிக் கொள்வதே மேல் என்பது எமது அபிப்பிராயம். விலை கூடியவற்றில் அகலக்கோணக் காமிராவே கிட்டத்துப் பொருளையும் காட்டுமாறு அமைந்திருக்கிறது; அது நன்றாகவே இருக்கும்.

ஒரு விஷயத்தை இங்கு அறிந்துகொள்ள வேண்டும். மேலே பொருத்தும் லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு தூரம் உண்டு. பத்து மடங்கு லென்ஸுக்கு அது 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம். பூச்சி அத்தூரத்தில் இருந்தாற்றான் தெளிவாகத் தோன்றும். அரை அங்குலம் முன்பின் ஆனாலும் ஒன்றும் தெரியாது. புதிதாக லென்ஸ் வாங்கியவர்கள், ‘இது பழுதுள்ளது’ என்று ஒதுக்கிவிடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வழக்கமான தூரத்தில் நின்று பார்க்கிறார்கள். திரை முழுவதும் புகை மண்டினாற்போல் இருக்கிறது. கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

பழகத் தொடங்குவோர் நேரே வயலுக்குப் போகவேண்டாம். திண்ணையில் ஒரு மேஜையின்மேல், மில்லிமீட்டர் கோடிட்ட பள்ளிக்கூட அளவுகோல் ஒன்றைப் படுக்க வையுங்கள். லென்ஸ் பொருத்திய கைப்பேசியைச் சற்றுச் சாய்வாகப் பிடித்து, அளவுகோலை நெருங்குங்கள். ஓர் இடத்தில் கோடுகள் திடீரெனத் தெளியும். அங்கே நிறுத்திப் படமெடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று கோடுகள் மாத்திரமே கூர்மையாயிருக்க, அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ளவை மங்கியிருப்பதைக் காண்பீர்கள். தெளிவின் ஆழம் என்பது அவ்வளவே. அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதுண்டு. கிட்டத்துப் படமெடுப்பின் சிரமம் முழுவதும் இந்த ஒரு மில்லிமீட்டரில் அடங்கியிருக்கிறது. இதைச் சொல்லக் கேட்பதைவிட அளவுகோலில் ஒருதரம் கண்ணாற் கண்டவர்களுக்கு, பின்னால் வரும் யோசனைகள் யாவும் தாமே விளங்கும்.

இப்போது கைப்பேசியைச் சாய்க்காமல், அளவுகோலுக்கு நேர்மேலே, இரண்டும் ஒரே மட்டமாயிருக்கும்படி பிடித்து எடுத்துப் பாருங்கள். கோடுகள் ஏறக்குறைய எல்லாமே தெளிந்திருக்கும். இதனால் பெறப்படும் விதி யாதெனில், பூச்சியின் எந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டுமோ அந்தப் பக்கத்துக்குக் கைப்பேசி மட்டமாக இருத்தல் வேண்டும். புழுவின் முதுகைக் காட்ட வேண்டின் நேர்மேலிருந்தும், விலாவைக் காட்ட வேண்டின் நேர் பக்கத்திலிருந்தும் எடுக்கவேண்டும். சாய்வாக எடுத்தால் தலை தெரிய வால் மறையும்.

அடுத்த பாடம் நெல்மணி. ஒரு நெல்லைத் தட்டில் வைத்து, அதன் உமியின் மேலுள்ள நுண்ணிய மயிர்கள் தெரியும்வரை எடுத்துப் பழகவேண்டும். இங்கேதான் கைநடுக்கம் வெளிப்படும். இரு முழங்கைகளையும் விலாவில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அல்லது மேஜையில் ஊன்றுங்கள். திரையில் நெல்மணியின் மேல் விரலை வைத்துச் சில விநாடிகள் அழுத்தினால், அநேகக் கைப்பேசிகளில் தெளிவின் தூரம் அப்படியே பூட்டப்பட்டு நிற்கும். அதன்பின் காமிராவைத் தேட விடாமல், நாமே உடலை ஒரு நெல்லளவு முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, தெளிவு வந்த கணத்தில் எடுக்கவேண்டும். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு இழுக்குமுன் எடுப்பது உத்தமம். விரலால் திரையை விரித்துப் பெரிதாக்கி எடுத்தல் கூடாது. அதனால் புதிதாக ஒரு மயிரும் தெரியப்போவதில்லை. பத்துப் படங்கள் எடுத்து ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதை அழித்துவிடுவதில் வெட்கமொன்றும் இல்லை. படச்சுருளுக்குக் காசு கொடுத்த காலத்தில்தான் எண்ணி எண்ணி எடுக்கவேண்டியிருந்தது.

நெல்மணி வசமான பிறகு, ஒரு துளி வெல்லப்பாகை வாசற்படியில் வைத்து எறும்புகளை வரவழையுங்கள். ஓடுகிற எறும்பைத் துரத்தினால் கிடைக்காது. பாகில் வாய்வைத்து நிற்கும் எறும்பு நின்று கொடுக்கும். பூச்சி வந்து நிற்கும் இடத்தில் முன்னதாகவே தெளிவை அமைத்துக்கொண்டு காத்திருக்கும் பொறுமையை இந்தப் பாடம் கற்பிக்கிறது. நாளொன்றுக்குக் கால் மணி வீதம் ஒரு வாரம் செய்தால் போதுமானது. வீட்டுப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களினும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்வதில் கௌரவக் குறைவு இல்லை.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில், புழுவின் முதுகு வெள்ளையாய் வெளுத்தும் விலாப்புறம் கன்னங்கரேலென்றும் இருக்கும். அடையாளக் குறிகள் இரண்டிலும் அகப்படமாட்டா. கைப்பேசியின் மின்னொளியை அவ்வளவு கிட்டத்தில் பிரயோகித்தாலும் இதே கதிதான்; மேலும், பொருத்திய லென்ஸின் நிழலே பூச்சியின்மேல் விழும். வேண்டுவது பரவிய ஒளி. கூட வருபவர் ஒருவர், மெல்லிய வெள்ளை வேஷ்டித் துணியை வெயிலுக்கும் செடிக்கும் நடுவே விரித்துப் பிடித்தால், கடும் வெயிலும் கனிந்த ஒளியாகிவிடும். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்து வைத்தால், அதிலிருந்து திரும்பும் வெளிச்சம் பூச்சியின் அடிப்புறத்தையும் காட்டும். வேஷ்டியும் தாளும் இல்லாத வீடு இல்லை. கடையில் விற்கும் விளக்கு வளையங்களை வாங்குமுன் இவற்றைக் கொண்டு பழகிப் பார்ப்பது நல்லது.

இனி வயலுக்குப் போகலாம். போகும் வேளை காலை, பனி முற்றும் உலருமுன். அப்போது காற்று அடங்கியிருக்கும்; குளிரில் பூச்சிகளும் சுறுசுறுப்பின்றி இருந்த இடத்தில் இருக்கும். படைப்புழுவும் வெயில் ஏறினால் குருத்துக்குள் பதுங்கிவிடும். மருந்து தெளித்த வயலில் முகத்தைச் செடியருகே கொண்டுபோக நேருமாதலால், தெளித்த அன்றைக்கு இவ்வேலை வேண்டாம். வரப்பில் நடக்கும்போது கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு நடப்பதும் கூடாது. பாம்புகளுக்கும் அதுவே உலாவும் வேளை.

இலை காற்றில் ஆடுவதுதான் வயலில் உண்டாகும் முதல் இடையூறு. இதற்கு நல்ல உபாயம் ஒன்று உண்டு. இடக்கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அக்கையின் மற்ற விரல்களின்மேல் கைப்பேசியின் விளிம்பைச் சாத்திவிடுங்கள். இப்போது இலை ஆடினாலும் கை ஆடினாலும் இரண்டும் சேர்ந்தே ஆடும். இடையிலுள்ள தூரம் மாறாது. விரல்களை மெல்ல மடக்கியும் நீட்டியும் தூரத்தைத் திருத்திக்கொள்ளலாம். முக்காலி வாங்கி வயலில் நட்டு அவதிப்படுவோரைக் கண்டிருக்கிறோம். நகராத மேஜைக்கு முக்காலி சரி; ஆடும் பயிருக்கு இம்முறையே ஏற்றது. தரையோடு ஒட்டிய பயிரானால் ஒரு முழங்காலை மடித்து ஊன்றி, கையிலுள்ள தடியைக் கைப்பேசிக்குத் தாங்கலாகக் கொள்ளலாம்.

எதைப் படமெடுக்க வேண்டும் என்பதற்கு மூன்று திருஷ்டாந்தங்கள் சொல்வோம்.

மேற்கூறிய படைப்புழுவைச் சந்தேகித்தால் இரண்டு படங்கள் அவசியம். ஒன்று தலையை நேர் முன்னிருந்து எடுத்தது: கவட்டைக் குச்சியைத் தலைகீழாய்ப் பிடித்தாற்போல் ஒரு வெளிறிய கோடு முகத்தில் தெரியவேண்டும். மற்றொன்று வால்புறத்தை நேர்மேலிருந்து எடுத்தது: வயிற்றின் எட்டாம் கண்டத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரத்தின் மூலைகளைப்போல் அமைந்திருக்கும். இவ்விரண்டும் உள்ள புழுவைப் படைப்புழுவென்றே கொள்ளலாம். ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்த சில நாட்களுக்குள் இக்குறிகள் விளங்கத் தோன்றா. புழு சிறிதாயிருக்கும்போது, அது பச்சையத்தைச் சுரண்டித் தின்றதால் இலையில் ஏற்பட்ட கண்ணாடி போன்ற தடங்களையும், மயிர்த்துகள் மூடிய முட்டைக் குவியலையும் எடுத்து அனுப்பினால் அதுவே போதிய ஆதாரமாகும். பெரிய புழு கிடைக்கட்டும் என்று காத்திருப்பது, திருடன் முகம் தெரியட்டும் என்று கதவைத் திறந்து வைப்பதை ஒக்கும்.

இரண்டாவது, தென்னை. பொள்ளாச்சிப் பகுதியில் 2016-ம் வருஷத்தில் காணப்பட்டு, பின்னர் எங்கும் பரவிய சுருள் வெள்ளை ஈயைத் தோப்புக்காரர் யாவரும் அறிவர். ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள்களையும் கீழ் மட்டைகளில் கரும்பூசணத்தையும் கண்டவுடன், மருந்து தெளிக்கவே மனம் ஓடும். தெளிக்குமுன் ஓலையின் அடிப்புறத்தைப் பத்து மடங்கு லென்ஸால் படமெடுத்துப் பாருங்கள். கூட்டுப்புழுக்களின் வெற்றோடுகளில் பிளவு எவ்வாறு இருக்கிறது என்பதே விஷயம். வெள்ளை ஈ தானாக வெளிவந்திருந்தால், சுத்தியலின் வடிவில் ஒரு கிடைக்கீறலும் அதன் நடுவே ஒரு நேர்க்கீறலும் இருக்கும். ‘என்கார்சியா’ என்னும் சிறு குளவி உள்ளிருந்து ஈயைத் தின்றுவிட்டு வெளிவந்திருந்தால், ஊசியால் குத்தினாற்போல் வட்டமான துளை இருக்கும். குளவி உள்ளே இருக்கும் கூடுகள் கறுத்துத் தோன்றும். வட்டத் துளைகளும் கறுத்த கூடுகளும் மிகுந்திருக்கும் தோப்பில் மருந்து தெளிப்பது, கூலியின்றி நம் வேலையைச் செய்யும் ஆளை அடித்துத் துரத்துவதாகும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத இந்த ஒரு துளையைக் கண்டு, தெளிப்புக்கென்று வைத்திருந்த பணத்தை எருவுக்குச் செலவிட்ட தோப்புக்காரர்கள் உண்டு.

மூன்றாவது, மாவுப்பூச்சி. கொய்யா, பப்பாளி, மல்பெரி முதலியவற்றில் மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அவற்றைப் போலவே வெண்மெழுகு பூசிய பெரிய புழுக்கள் சில திரியும். இவை பெரிய மாவுப்பூச்சிகளென்று அஞ்சி, முதலில் இவற்றையே நசுக்குவோர் அநேகர். இவை உண்மையில் ‘கிரிப்டோலீமஸ்’ என்னும் பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்று வாழ்வன. காப்பித் தோட்டங்களின் நன்மைக்காக 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இத்தேசத்துக்குக் கொண்டுவரப்பட்டது இவ்வண்டு. கிட்டத்திலிருந்து எடுத்த படத்தில் வித்தியாசம் தெளிவாகும். மாவுப்பூச்சியின் ஓரத்தில் மெழுகிழைகள் குறுகியும் ஒழுங்காயும் இருக்க, இப்புழுவின் இழைகள் நீண்டு கலைந்து தொங்கும். விலாவிலிருந்து எடுத்தால் நடமாடும் கால்களும் தெரியும். தொட்டால் மாவுப்பூச்சி மந்தமாய் ஊர, இது விரைந்து ஓடும்.

அசுவினி, இலைப்பேன், செஞ்சிலந்தி போன்ற மிகச் சிறிய ஜந்துக்களைச் செடியில் வைத்தே எடுக்க முயல்வது கடினம். 2021-ல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாய்ப் பூக்களில் பெருகிச் சேதம் விளைத்த கறுப்பு இலைப்பேனைப் போன்றவற்றை, பூவை ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டி, தாளில் விழுந்தவற்றை எடுப்பதே சுலபம். வெளிறிய ஜந்துக்களுக்குக் கறுப்புத் தாள் வேண்டும். தாளில் மில்லிமீட்டர் கோடுகள் இருந்தால் அளவும் உடன் பதியும். அளவு தெரியாத படம், எடை போடாத தானியம்போல் ஆகும். நாணயத்தைப் பக்கத்தில் வைக்கும் வழக்கம் உண்டு; ஒரு ரூபாய் நாணயம் வெவ்வேறு வருஷங்களில் வெவ்வேறு அளவில் வந்திருப்பதால், அளவுகோலின் துண்டே நம்பத் தகுந்தது.

பூச்சியின் படம் எத்துணை அழகாயிருப்பினும் அதை மாத்திரம் தனியே அனுப்புவதால் பிரயோஜனம் குறைவு. வயலின் பொதுத் தோற்றம் ஒன்று, ஒரு முழுச் செடி ஒன்று, சேதமடைந்த பாகம் ஒன்று, பூச்சி அல்லது புள்ளி ஒன்று என்று வரிசையாக எடுத்து ஒருசேர அனுப்பவேண்டும். நோய்ப் புள்ளியானால் நல்ல பாகமும் கெட்ட பாகமும் சேருமிடத்தை நடுவில் வைத்து எடுங்கள். முற்றும் காய்ந்த இலையைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நாம் பாடுபட்டு எடுத்த மயிரும் புள்ளியும் கரைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே வந்து சேரும். மத்திய சர்க்கார் 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறையின் செயலியிலும், பூச்சியின் படத்தைக் கொண்டே இன்னதென்று கூறும் ஏற்பாடு இருக்கிறது. இயந்திரத்துக்கும் கலங்கிய படத்தால் கலங்கிய விடையே கிடைக்கும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. பயிர்ச் சேதத்தைப் பார்வையிடும்போது தூரத்திலிருந்து எடுக்கும் படங்கள், சேதத்தின் பரப்பைக் காட்டுமேயன்றி அதன் காரணத்தைக் காட்டமாட்டா. வறட்சியால் காய்ந்த நெல்லும் புகையானால் காய்ந்த நெல்லும் தூரத்தில் ஒன்றுபோலவே பழுப்பாயிருக்கும். தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கூட்டமாய் அப்பியிருக்கும் பழுப்புத் தத்துப்பூச்சிகளைக் கிட்டத்தில் எடுத்த ஒரு படம் இருந்தால் பின்னால் விவாதத்துக்கு இடமிராது. எடுத்த அன்றே தேதி, சர்வே எண், பயிர், விதைத்த நாள் இவற்றை ஒரு சீட்டில் எழுதி, அச்சீட்டையும் படமெடுத்து அந்த வரிசையின் முதலில் வைத்துக்கொண்டால், நூறு படங்கள் சேர்ந்தபின்னும் எது எந்த வயலினது என்ற குழப்பம் நேராது. கைப்பேசியில் இடம் குறிக்கும் வசதியைத் திறந்து வைத்தால் வயலின் இருப்பிடமும் படத்தோடு பதிவாகும்.

லென்ஸைப் பாதுகாப்பது கடினமன்று. கந்தகத்தூளும் மண்ணும் படிந்திருக்கையில் துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதித் தூளை அகற்றி, பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் துடைக்கவும். மழைக்காலத்தில் ஈரம் புகுந்து பூசணம் பிடிக்குமாதலால், லென்ஸைச் சிறு டப்பாவில், வறுத்து ஆறிய அரிசி கொஞ்சம் கட்டிய துணிமுடிச்சுடன் வைத்து, அரிசியை மாதமொருமுறை மாற்றிவரவும்.